டெல்டாவில் இருந்துகொண்டே ஃபுட்பால் மேட்ச் அனாலிசிஸ் பழகுவது எப்படி?

பெரிய கிளப்புகளில் டாக்டிகல் அனாலிஸ்ட்டுகள் ஒரு மேட்ச்சை எப்படிப் படிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள ஆசைப்படும் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் இருந்தால் கிளப்பில் வேலை பார்க்கும் யாரையாவது பிடித்துக் கேட்டுவிடலாம். இங்கே அதற்கு வழி இல்லை. யூடியூப்பில் தேடினால் ஒன்று அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் வரும், இல்லையென்றால் எடுத்த எடுப்பிலேயே பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பு வரும். நடுவில் இருக்கிற படிகளை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பிடிபட ரொம்ப நாள் ஆனது, பணமும் கொஞ்சம் கரைந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆஃப்சைட் எப்போது, கார்னர் எப்போது என்று தெரிந்திருந்தால் போதும். கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மேட்ச்சை மறுபடி மறுபடி பார்க்கிற பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

1. மேட்ச் தொடங்கும் முன் ஒரு கேள்வியை எழுதுங்கள்

டீக்கடையில் மேட்ச் பேசும்போது “அவன் இன்னிக்கு சரியா ஆடல” என்போம். அனாலிஸ்ட்டிடம் கோச் கேட்பது வேறு. நாம் ஒரு திட்டத்தோடு இறங்கினோம், அது நடந்ததா? நடக்கவில்லை என்றால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் உடைந்தது? அடுத்த மேட்ச்சுக்கு முன் அதை டிரெய்னிங்கில் சரிசெய்ய முடியுமா? கிளப்பில் ஒரு வாரம் இப்படித்தான் ஓடும்: முடிந்த மேட்ச்சுக்கு ஒரு ரிப்போர்ட், அடுத்த எதிரணிக்கு ஒரு ரிப்போர்ட், கார்னர், ஃப்ரீகிக் மாதிரியானவற்றுக்குத் தனியாக ஒன்று, மேட்ச் நாளில் அரைநேரத்தில் கோச்சுக்குக் காட்ட இரண்டு மூன்று கிளிப்.

அதனால் நோட்டில் முதலில் ஒரே ஒரு கேள்வி. “எதிரணி கோல்கீப்பரிடமிருந்து பந்தை எந்தப் பக்கமாக வெளியே கொண்டுவருகிறது?” “பந்தை இழந்ததும் நம் ஆட்கள் துரத்துகிறார்களா, பின்னால் ஓடுகிறார்களா?” இந்த அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். “இந்த டீம் எப்படி ஆடுகிறது” என்பதெல்லாம் கேள்வியே இல்லை. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

லேப்டாப் இருந்தால் செலவு பெரிதாக இல்லை. இல்லையென்றால் 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று தஞ்சாவூரிலோ திருச்சியிலோ 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் அதன் அருமை தெரியும்.

வீடியோ பார்க்க விஎல்சி போதும், அது இலவசம். வேகத்தைக் குறைத்து, சில நொடி பின்னால் தள்ளிப் பார்க்கும் ஷார்ட்கட் விசைகளை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். படத்தின் மேல் கோடு, அம்புக்குறி போட கினோவியா இருக்கிறது, அதுவும் இலவசம், விண்டோஸில் மட்டும் ஓடும். குறிப்பெடுக்க கூகுள் ஷீட்ஸ். ஹட்ல் ஸ்போர்ட்ஸ்கோட், நாக்ஸ்போர்ட் மாதிரி புரொஃபஷனல் மென்பொருள்கள் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அவை உங்கள் வேலையை வேகமாக்கும், கண்ணைப் பழக்காது.

சரி, கோர்ஸ்? “சான்றிதழோடு அனாலிஸ்ட் ஆகலாம்” என்று விளம்பரம் வரும். அப்படி ஒன்றுக்கு நான் பணம் கட்டினேன். வந்தது பழைய ஸ்லைடுகளும், பெயர் அச்சடித்த ஒரு பிடிஎஃப்பும். கட்டணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: நான் செய்யும் ரிப்போர்ட்டை யாராவது படித்துத் திருத்துவார்களா? ஒரு முழு மேட்ச் வீடியோ கையில் தருவார்களா? இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடுங்கள். ஃபிஃபாவின் டிரெய்னிங் சென்டர் இணையதளமே இலவசம்தான். 2022 உலகக் கோப்பை ஆட்டங்களுக்கான ரிப்போர்ட்டுகள் அங்கே பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. யூடியூப்பில் ‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் டிராக்கிங்’ சேனலும் இலவசம். அது கொஞ்சம் கணக்குப் பக்கம் போகும், பிறகு பாருங்கள்.

3. மேட்ச்சை ஐந்தாகப் பிரிக்கப் பழகுங்கள்

தொண்ணூறு நிமிஷத்தை ஒரே ஓட்டமாகப் பார்த்தால் பந்துக்குப் பின்னாலேயே கண் போகும். அனாலிஸ்ட்டுகள் அதை ஐந்து நிலைகளாக வெட்டிக்கொள்வார்கள்: பந்து நம்மிடம் இருக்கும்போது, அவர்களிடம் இருக்கும்போது, நாம் பறித்த உடனே வரும் சில நொடிகள், நாம் இழந்த உடனே வரும் சில நொடிகள், அப்புறம் கார்னர், ஃப்ரீகிக், த்ரோ-இன் மாதிரி நின்ற பந்து.

டிவியில் காட்டும் 4-3-3, 4-4-2 எண்களை (பின்வரிசை, நடு, முன்வரிசையில் எத்தனை பேர் என்பது) நம்பி உட்காராதீர்கள். பந்து கையில் இருக்கும்போது ஒரு வடிவம், இல்லாதபோது வேறு வடிவம். 4-3-3 என்று போட்டிருக்கும் டீம், தற்காப்பில் 4-5-1 ஆகி நிற்கும். அதே டீம் தாக்கும்போது ஒரு ஃபுல்-பேக் (பின்வரிசையில் ஓரத்தில் ஆடுபவர்) நடுவுக்கு வந்து, பின்னால் மூன்று பேர் மட்டும் நிற்பார்கள். இரண்டையும் தனித்தனியாக வரைந்து வையுங்கள். வரைய நல்ல நேரம் கோல்-கிக்கும், எதிரணியின் நீளமான பாஸ் தொடரும். அப்போதுதான் எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்திருப்பார்கள்.

கிரவுண்டை நீளவாக்கில் ஐந்து பட்டையாகவும், குறுக்குவாக்கில் மூன்று பாகமாகவும் பிரித்தால் 15 கட்டம். இரண்டு ஓரப் பட்டைகளுக்கும் நடுப்பட்டைக்கும் இடையில் இருப்பதைத்தான் ‘ஹாஃப்-ஸ்பேஸ்’ என்கிறார்கள். நடந்த ஒவ்வொன்றுக்கும் கட்ட எண்ணைப் போட்டுவிடுங்கள். பின்னால் எண்ணிப் பார்க்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. டிவி கேமரா பந்தைச் சுற்றித்தான் காட்டும். எதிர்ப்பக்க ஃபுல்-பேக் எங்கே நிற்கிறார், பின்வரிசை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதெல்லாம் பல நேரம் திரைக்கு வெளியே இருக்கும். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை சென்னை நேரு ஸ்டேடியத்தில் ‘சென்னையின் எஃப்சி’ கிளப்பின் மேட்ச் ஒன்றை உயரமான வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டேடியத்திலிருந்து எழும்பூர் ஸ்டேஷன் பக்கம்தான், இரவு வண்டி பிடித்து ஊர் திரும்பிவிடலாம். பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு மிட்ஃபீல்டரை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். டிவியில் பல மாதம் பார்த்தும் தெரியாதது அதில் தெரியும்.

4. முதல் பயிற்சி: ஜப்பான் – ஸ்பெயின், 46-வது நிமிஷத்திலிருந்து 51 வரை

முதல் மேட்ச்சாக முழு ஆட்டத்தை எடுக்க வேண்டாம். 2022 டிசம்பர் 1-ஆம் தேதி உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிடம் பந்து இருந்த பங்கு 18 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது. ஸ்கோரை மறைத்துவிட்டு இந்த எண்களை மட்டும் காட்டினால் ஸ்பெயின்தான் ஜெயித்தது என்று யாரும் சொல்வார்கள்.

முதல் பாதியைக் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். ஜப்பான் பின்னால் ஐந்து பேரை வைத்து ஒதுங்கி நிற்கிறது. 11-வது நிமிஷத்தில் மொராட்டா தலையால் முட்டி ஸ்பெயின் முன்னிலை. ஸ்பெயினின் பின்வரிசை அவசரமே இல்லாமல் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அரைநேரத்தில் கோச் மொரியாசு இரண்டு பேரை மாற்றுகிறார்: குபோவுக்குப் பதில் தோவான், நாகாதோமோவுக்குப் பதில் மிதோமா.

இப்போது இரண்டாம் பாதியின் தொடக்கத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அதே ஜப்பான், ஸ்பெயினின் பெனால்டி பெட்டி வரை ஏறி வந்து துரத்துகிறது. ஸ்பெயின் கோல்கீப்பர் உனாய் சிமோனிடம் பந்து போகிறது. அவர் இடது ஃபுல்-பேக் பால்டேவுக்குத் தள்ளுகிறார். பால்டே அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்குள் ஜப்பானின் ஜுன்யா இதோ மேலே விழுந்து தட்டிவிடுகிறார். பந்து தோவானிடம், பெட்டியின் விளிம்பிலிருந்து இடது காலால் அடி, 48-வது நிமிஷத்தில் கோல். மூன்று நிமிஷம் கழித்துத் தோவான் வலப்பக்கமிருந்து குறுக்கே அனுப்ப, எண்ட் லைனில் மிதோமா அதைத் திருப்பித் தர, தனாகா உள்ளே தள்ளுகிறார். மிதோமா தொட்டபோது பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா என்று விஏஆரில் (வீடியோ ரெஃப்ரி) நீண்ட நேரம் பார்த்தார்களே, அந்தக் கோல்தான்.

இந்த ஐந்து நிமிஷத்துக்கு நீங்கள் எழுத வேண்டியவை: துரத்தலைத் தொடங்கிவைத்தது எது? பின்னால் போன பாஸா, ஓரத்துக்குப் போன பாஸா, பந்தை வாங்கியவர் தன் கோலைப் பார்த்து நின்றதா? இவற்றைத்தான் ‘பிரஸ்ஸிங் டிரிகர்’ என்கிறார்கள். முதலில் ஓடியது யார்? அவர் பின்னாலேயே ஓடி வந்து பக்கத்து வழிகளை மூடியது யார்? பந்து வாங்கியவருக்குக் கொடுக்க எத்தனை பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்? ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் வீடியோ நேரத்தைக் குறியுங்கள். நேரம் போட முடியாத வாக்கியம் ரிப்போர்ட்டில் இருக்கக் கூடாது.

கடைசியாக, 51-க்குப் பிறகு ஜப்பான் மறுபடி ஐந்து பேரோடு பின்னால் போனதைப் பாருங்கள். துரத்தல் அவர்களின் பொதுவான பாணியாக இல்லை. ஸ்பெயின் எதிர்பார்க்காத நேரத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுத்து வீசிய ஆயுதம் அது. தொண்ணூறு நிமிஷ சராசரியில் இது கண்ணிலேயே படாது.

புதியவருக்கு இந்த ஐந்து நிமிஷத்துக்கே ஒரு மாலைப்பொழுது போகும். முழு மேட்ச்சைக் குறிப்போடு முடிக்க நாலு முதல் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 12.30-க்கும் 1.30-க்கும் தொடங்கும் சாம்பியன்ஸ் லீக் மேட்ச்சை நேரலையில் பார்த்துக் குறிப்பெடுக்கும் வீரமெல்லாம் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எடுத்த குறிப்பை மறுநாள் நாமே நம்ப மாட்டோம்.

5. எண்களை எப்படிப் படிப்பது

எக்ஸ்ஜி (எக்ஸ்பெக்டட் கோல்ஸ்) என்பது ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று 0-க்கும் 1-க்கும் இடையில் சொல்லும் எண். தூரம், கோணம், காலா தலையா, பந்து எப்படி வந்தது போன்றவற்றை வைத்து, பழைய ஆயிரக்கணக்கான ஷாட்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79 வரை. 0.1 என்றால் அது மாதிரிப் பத்து ஷாட் அடித்தால் ஒன்று கோலாகும் என்று அர்த்தம். இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள்: ஒரு மேட்ச்சில் 1.8-க்கு 1.2 என்று வந்ததும் “நாமதான் ஜெயிச்சிருக்கணும்” என்று எழுதிவிடுவது. அந்த 1.8-இல் ஒரு பெனால்டி உட்கார்ந்திருந்தால் மிச்சம் ஒன்றுதான். பெனால்டியைக் கழித்த எண்ணைத் தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால் ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

பிபிடிஏ (பாஸஸ் பெர் டிஃபென்சிவ் ஆக்ஷன்), எதிரணியை எவ்வளவு நெருக்கினோம் என்று காட்டுவது. எதிரணி தன் பக்கத்து 60 சதவீத கிரவுண்டில் போட்ட பாஸ்களை, அதே பகுதியில் நாம் செய்த டேக்கிள், இடைமறிப்பு, ஃபவுல் இவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவர்கள் 120 பாஸ், நாம் 10 தடவை குறுக்கிட்டோம் என்றால் 12. எண் சின்னதாக இருந்தால் நெருக்கடி அதிகம். போன படியில் பார்த்த ஜப்பானுக்கு இதைக் கணக்கிட்டால் எண் வானத்தில் நிற்கும், “துரத்தவே இல்லை” என்று எழுத வேண்டிவரும். ஆனால் ஆட்டத்தைத் திருப்பியது துரத்தல்தான். அதனால் எந்த எண்ணையும் 15 நிமிஷத் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து, எந்த நிமிஷத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஏன் அப்படி ஆனது என்பதற்கு வீடியோவுக்குத்தான் போக வேண்டும்.

ஸ்கோர் என்ன என்பதும் எண்களை வளைக்கும். இரண்டு கோல் முன்னால் இருக்கும் டீம் பின்னால் ஒதுங்கும், தோற்கும் டீம் ஷாட்டாக அடித்துத் தள்ளும். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக முதல் பாதி முழுக்க பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை, 2-0 பின்தங்கியிருந்தது. பிரான்ஸ் கோச் தேஷாம் 41-வது நிமிஷத்திலேயே ஜிரூவையும் தெம்பேலேவையும் வெளியே எடுத்தார். பிறகு எம்பாப்பே 80, 81-வது நிமிஷங்களில் அடித்து 2-2 ஆக்கினார். மொத்த எண்களை மட்டும் பார்த்தால் இரண்டு வேறு ஆட்டங்கள் ஒன்றாகக் கலந்துபோயிருக்கும். 0-0, 1-0, 2-0 என்று ஸ்கோர் மாறிய இடங்களில் வெட்டிப் பாருங்கள். இன்னொன்று: ஆளை மாற்றினார், பிறகு கோல் விழுந்தது, அதனால் மாற்றம்தான் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். மாற்றத்துக்கும் கோலுக்கும் நடுவே என்ன மாறியது என்று கிளிப்பில் காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

6. இலவச டேட்டா: ஐஎஸ்எல்லும் இருக்கிறது

ஸ்டாட்ஸ்பாம்ப் நிறுவனம் சில போட்டிகளின் முழு டேட்டாவை கிட்ஹப் என்ற இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 2018, 2022 உலகக் கோப்பைகள் அதில் இருக்கின்றன. நமக்கு நெருக்கமானது 2021-22 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசன். ஹைதராபாத் எஃப்சி இறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்டியில் வென்றதே, மேட்ச் எல்லாம் கோவாவிலேயே நடந்ததே, அந்த சீசன்தான். சென்னையின் எஃப்சி ஆட்டங்களும் உண்டு. தெரிந்த பெயர்களோடு பழகும்போது எண்கள் சீக்கிரம் மனதில் ஒட்டும்.

டேட்டா ஜேசன் (JSON) என்ற வகைக் கோப்பாக வரும். பைத்தானில் எம்பிஎல்சாக்கர் என்ற இலவசத் தொகுப்பு கிரவுண்டை வரைந்து தரும். ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்ய முடிந்தால் ஷாட்கள் எங்கிருந்து அடிக்கப்பட்டன என்று காட்டும் முதல் ஷாட் மேப் ஒரு வார இறுதியில் வந்துவிடும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த டேட்டாவில் கிரவுண்டு 120-க்கு 80 அளவு, இரண்டு அணிகளும் இடமிருந்து வலமாகத் தாக்குவதாகவே பதிவாகியிருக்கும். ஒரே படத்தில் இரண்டு அணியையும் போட்டால் எல்லா ஷாட்டும் ஒரே கோலை நோக்கிப் போகும். ஒரு அணிக்கு நீள எண்ணை 120-இலிருந்தும் அகல எண்ணை 80-இலிருந்தும் கழித்துத் திருப்புங்கள்.

படத்தை வெளியிட்டால் ஸ்டாட்ஸ்பாம்ப் பெயரையும் சின்னத்தையும் போட வேண்டும், அது அவர்களின் நிபந்தனை. டிவி ஒளிபரப்பிலிருந்து வெட்டிய கிளிப்பை மட்டும் உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள். காப்புரிமைப் புகார் வரும், உழைத்துச் சேர்த்த கணக்கே போய்விடும். அந்தக் காட்சியைக் கிரவுண்டு படமாக வரைந்து போடுங்கள்.

7. நம்ம ஊர் மேட்ச்சை ஷூட் செய்வது

வெளிநாட்டு மேட்ச் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மன்னார்குடி லோக்கல் டீம் ஏன் வலப்பக்கமாகவே கோல் வாங்குகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கோச் உங்களை மதிக்கத் தொடங்குவது இங்கேதான்.

*அனுமதி.* பள்ளி, கல்லூரி மைதானம் என்றால் தலைமை ஆசிரியருக்கோ முதல்வருக்கோ ஒரு பக்கக் கடிதம். டோர்னமென்ட் என்றால் நடத்தும் மன்றத்துக்கு. தேதி, நேரம், எதற்காக எடுக்கிறோம், யாருக்கெல்லாம் காட்டுவோம் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஆடினால் பெற்றோரின் சம்மதக் கையெழுத்தை கோச் மூலமாக வாங்குங்கள், வீடியோவைப் பொதுவில் போடவே வேண்டாம். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டில் யாராவது வந்து “யார் தம்பி உன்னை எடுக்கச் சொன்னது” என்று கேட்டால் அந்தக் காகிதம்தான் பேசும். ஒரு வாரம் முன்பே கொடுங்கள். மேட்ச் அன்று காலை போய் நின்றால் “அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள்.

*டிரோன் ஆசை வேண்டாம்.* தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சுற்றியுள்ள வான்பகுதிக்குக் கட்டுப்பாடு உண்டு. கல்யாண வீடியோக்காரர் பறக்கவிடுகிறாரே என்று நீங்களும் தொடங்காதீர்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் கிரவுண்டு எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்தாலே ஆசை அடங்கிவிடும்.

*இடம்.* பள்ளிக்கூட மாடி கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. இல்லையென்றால் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் லைட் ஸ்டாண்டில் மொபைல் ஹோல்டரை மாட்டி உயர்த்துங்கள், இரண்டும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடியும். காற்றில் சாயாமல் இருக்க காலில் மணல் பை ஒன்று கட்டுங்கள். நடுக்கோட்டுக்கு நேராக, மேற்குப் பக்கம் நில்லுங்கள். நாலரை மணி மேட்ச்சில் கிழக்கே நின்றால் சூரியன் லென்ஸுக்குள்ளேயே விழும், ஜெர்சி எண் ஒன்றும் தெரியாது. ஜூம் செய்யாதீர்கள். பந்து இல்லாத பத்துப் பேர் படத்தில் இருப்பதுதான் முக்கியம்.

1080பியில் எடுத்தால் பல மொபைல்களில் நிமிஷத்துக்கு 120 முதல் 130 எம்பி போகும். முழு மேட்ச்சுக்கு 12 ஜிபி காலியாக இருக்க வேண்டும். மொபைலை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் ஒரு போன் வந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும், அந்த இரண்டு நிமிஷத்தில்தான் கோல் விழும். பவர் பேங்க் அவசியம். மேட்ச்சுக்கு முன் இரண்டு அணியின் பெயர்ப்பட்டியலையும் ஸ்கோர் மேசையில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லோக்கல் டீம்களில் ஒரே எண் ஜெர்சி இரண்டு பேரிடம் இருப்பதும், அரைநேரத்தில் சட்டை கைமாறுவதும் சகஜம். ஷூ நிறத்தையும் குறித்துவையுங்கள்.

*காலம்.* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் களிமண் கிரவுண்டுகளில் தண்ணீர் நின்றால் தரையோடு போகும் பாஸ் பாதியில் நின்றுவிடும், எல்லா டீமும் தூக்கித்தான் அடிக்கும். அந்த மாதங்களில் எடுத்த மேட்ச்சை வைத்து “இந்த டீமுக்குப் பாஸ் ஆடத் தெரியவில்லை” என்று எழுதினால் கோச் சிரிப்பார். பொங்கலையொட்டி மண் இறுகும், போட்டிகளும் வரிசையாக வரும். அப்போதிருந்து எடுக்கத் தொடங்குங்கள். மழை மாதங்கள் ஐஎஸ்எல் டேட்டாவுக்கு. செவன்ஸ் போட்டியென்றால் கிரவுண்டே சின்னது, ஆள் ஏழு. மேலே சொன்ன 15 கட்டத்தை ஒன்பதாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய பிபிடிஏ எண்ணோடு ஒப்பிடுவதற்கு அங்கே இடமே இல்லை.

8. ஒரு பக்கம், மூன்று கிளிப்

ஷீட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: “31:20 – நாம் இழந்தோம் – இடது ஓரம், நடுப்பாகம் – நம் த்ரோ-இன், வாங்கியவர் திரும்ப முடியவில்லை – எதிரணி 3 பாஸில் ஷாட் – நம் இரண்டு ஸ்டாப்பரும் (நடுத் தற்காப்பு ஆட்கள்) மேலே.” இப்படி ஒரு மேட்ச்சுக்கு அறுபது எழுபது வரி சேரும். சேர்ந்ததும் வடிகட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி வரி நாலைந்து தடவை வந்தால் அது செய்தி. ஒருமுறை வந்தது விபத்து.

எல்லாவற்றையும் கோச்சிடம் கொட்டாதீர்கள். பெரும்பாலான கோச்சுகள் வேலை முடிந்து மாலையில் வந்து பயிற்சி கொடுப்பவர்கள், அவர்களுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது. ஒரு பக்கத்தில்: கேட்ட கேள்வி, கிடைத்த பதில், மூன்று கிளிப்பின் நேரம், டிரெய்னிங்கில் முயலக் கூடிய ஒரு விஷயம். மூன்றில் ஒரு கிளிப் அந்த டீம் அதையே சரியாகச் செய்த இடமாக இருந்தால் பேச்சு சுமுகமாகப் போகும். “உங்க லெஃப்ட் பேக் சரியில்ல சார்” என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. “சார், நம்ம த்ரோ-இன்ல பந்து போனா பின்னாடி ரெண்டு பேர்தான் நிக்கிறாங்க, இந்த மூணு இடத்தைப் பாருங்க” என்று மொபைலை நீட்டுங்கள். அவரே பெயரைச் சொல்வார். அவர் சொல்லும் காரணம் உங்கள் குறிப்பில் இல்லாததாகவும் இருக்கலாம்: அந்தப் பையனுக்குக் கணுக்காலில் வலி, அதனால் மேலே ஏற வேண்டாம் என்று அவரே சொல்லியிருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், வீடியோவில் அது வராது.

மேட்ச் முடிந்து இரண்டு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த மேட்ச்சுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.

9. அதற்கு மேல் போக நினைத்தால்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் கோச்சிங் வகுப்பை முடிப்பது நல்லது. அனாலிஸ்ட் வேலைக்கு அது கட்டாயம் இல்லைதான். ஆனால் டிரெய்னிங்கை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் ரிப்போர்ட்டின் மொழியே மாறும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ஆதார், பாஸ்போர்ட் அளவு போட்டோ, டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மொபைலில் ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். நேரில் போய்த் தங்கிப் படிக்க வேண்டிய வகுப்பு, அதனால் கட்டணத்தோடு தங்கும் செலவையும் வேலையில் எடுக்க வேண்டிய லீவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கிளப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் செய்த பதினைந்து வேலைகளையும் அனுப்பாதீர்கள். மூன்று போதும்: லோக்கல் மேட்ச் ரிப்போர்ட் ஒன்று, ஐஎஸ்எல் டேட்டாவில் செய்தது ஒன்று, கார்னர் மாதிரி நின்ற பந்து பற்றி ஒன்று. எல்லாம் ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள். லோக்கல் ரிப்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போடுங்கள். மின்னஞ்சலில் நாலு வரி எழுதினால் போதும், பாராட்டுரை வேண்டாம். புது சீசனுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் சீசன் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில்தான். நடு சீசனில் அனுப்பியது பதில் இல்லாமல் கிடந்தால் மனம் தளராமல் அந்த மாதங்களில் புது ரிப்போர்ட்டோடு மறுபடி அனுப்புங்கள். முதலில் கிடைப்பது அநேகமாகச் சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்பாக இருக்கும். வெளியூரில் வாடகையும் சாப்பாடும் யார் தலையில் என்று சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டதற்காகவே வேண்டாம் என்று சொல்லும் இடமாக இருந்தால், அங்கே போகாமல் இருப்பதே லாபம்.